7,400 வரியை 400 வரியாக மடிப்பது: விஎஸ் கோட் எடிட்டரின் ஒரே ஒரு வசதி பற்றி

எங்கள் அலுவலகத்தில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு ஃபைல் இருக்கிறது. கோவையைச் சுற்றியுள்ள மில்களுக்கும் பட்டறைகளுக்கும் சம்பளக் கணக்குப் போடுகிற மென்பொருள் எங்களுடையது. அதன் அடிவயிறு இந்த ஃபைல். 7,400 வரி. ஒரே கிளாஸ் என்கிற பெரிய பொட்டலம், அதற்குள் 130 ஃபங்ஷன், அதாவது தனித்தனி வேலைக்கான சின்னப் பகுதிகள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஓவர்டைம், கேன்டீன் பிடித்தம், தீபாவளி போனஸ், முன்பணம் எல்லாம் அதற்குள்தான். எழுதியவர்கள் நான்கு பேர். மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். நான்காவது ஆள் நான்.

'பிரித்து எழுதித் தொலைக்க வேண்டியதுதானே' என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் ஒவ்வொரு மாதமும் தோன்றுகிறது. 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும் என்பதால் மாதத்தின் முதல் வாரம் அதில் கை வைக்க முடியாது. இரண்டாம் வாரம் புகார்கள். மூன்றாம் வாரம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிற வேலை. நான்காம் வாரம் அடுத்த மாதத்துக்கான திருத்தங்கள். ஐந்தாம் வாரம் என்று ஒன்று வந்தால் பிரிக்கலாம்.

அதுவரை மடித்துத்தான், அதாவது ஒரு பகுதியின் தலைப்பு வரியை மட்டும் விட்டு மீதியைத் திரையில் மறைத்து வைத்துத்தான், படிக்க வேண்டியிருக்கிறது. கோட் எழுதப் பயன்படுகிற விஎஸ் கோட் எடிட்டரை 2018இலிருந்து தினமும் எட்டு மணி நேரம் திறந்து வைத்திருக்கிறேன். அதில் ஆயிரம் வசதி உண்டு. அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் எழுதப்போவது இடது ஓரத்தில், வரி எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன அம்புக்குறியைப் பற்றி மட்டும்.

மவுஸை அந்த ஓரத்துக்குக் கொண்டுபோனால்தான் அம்பு தெரியும். மடித்த இடங்களில் மட்டும் எப்போதும் தெரியும். இது எனக்குப் பிடிக்கவில்லை. இன்டர்வியூ முடிந்து நேற்று சேர்ந்த பையனுக்கு இப்படி ஒன்று இருப்பதே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவருகிறது. செட்டிங்ஸில் 'ஃபோல்டிங்' என்று தேடினால், அம்புகளை எப்போதும் காட்டு, மவுஸ் வந்தால் காட்டு, காட்டவே காட்டாதே என்று மூன்று தேர்வு இருக்கும். முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள். அம்பைத் தட்டினால் அந்த ஃபங்ஷன் மடியும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு தட்டினால் உள்ளே இருக்கிற இஃப், ஃபார் போன்ற உட்பகுதிகள் எல்லாமும் சேர்ந்து மடியும். மவுஸைத் தொட மனமில்லாதவர்கள் கன்ட்ரோல், ஷிஃப்ட், [ மூன்றையும் சேர்த்து அழுத்தலாம், திறக்க அதே கூட்டணியில் ].

இது வரைக்கும் எந்த எடிட்டரிலும் உண்டு. விஎஸ் கோடில் நான் மயங்கியது வேறொன்றில். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு முதலில் கே, அடுத்து 2. இரண்டாம் மட்டத்தில் இருப்பதெல்லாம் மடிந்துவிடும். கிளாஸ் முதல் மட்டம், அதற்குள் இருக்கும் ஃபங்ஷன்கள் இரண்டாம் மட்டம். ஆக, ஒரே அழுத்தில் 130 ஃபங்ஷனும் தலைப்பு வரிகளாகச் சுருங்கி வரிசையில் நிற்கும். ஆனால் கர்சர் நிற்கிற ஃபங்ஷனை மட்டும் மடிக்காமல் விட்டுவைக்கும். இதை யோசித்தவருக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கித் தரலாம். ஓவர்டைம் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, அது அப்படியே விரிந்திருக்க, மேலும் கீழும் மற்றவை ஒதுங்கி வழிவிடும். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் இலைகளை வரிசையாக மூடிக்கொண்டு போவார்கள். நடுவில் ஒரு தாத்தா மட்டும் இன்னும் ரசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அந்த மரியாதை.

கணக்கைப் பார்த்தால் சங்கடமும் இங்கேயே இருக்கிறது. 130 ஃபங்ஷனை மடித்தால் 130 வரிதானே வர வேண்டும்? வராது. ஃபங்ஷனை மூடுகிற } என்ற அடைப்புக்குறி தனி வரியாக வெளியே நிற்கும். அதற்குக் கீழே நாம் விட்ட வெற்று வரி. ஆக ஒரு ஃபங்ஷனுக்கு மூன்று வரி. மொத்தம் 400க்குப் பக்கம். ஸ்கிரீனில் தெரிவதில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் அடைப்பும் காற்றும். 7,400க்கு 400 பரவாயில்லைதான், ஆனாலும் அந்த } வரிசையைப் பார்க்கும்போது கதவை மூடிவிட்டுத் தாழ்ப்பாளை வெளியே தொங்கவிட்ட மாதிரி இருக்கும்.

இது ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் மற்றக் குழப்பங்களும் புரியும். அந்தந்த மொழிக்கென்று தனி எக்ஸ்டென்ஷன் (எடிட்டரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்) வழிகாட்டாவிட்டால், விஎஸ் கோட் உங்கள் கோடைப் படித்து மடிப்பதில்லை. வரிகள் எவ்வளவு உள்ளே தள்ளி ஆரம்பிக்கின்றன என்று மட்டும் பார்க்கிறது. ஒரு வரிக்கு அடுத்து வருவது அதைவிட உள்ளே தள்ளியிருந்தால் அங்கே மடிப்பு ஆரம்பம். மறுபடி அதே அளவுக்கோ அதைவிட வெளியேயோ ஒரு வரி வந்தால் மடிப்பு முடிந்தது. அவ்வளவுதான் அதன் ஞானம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜேசான், மார்க்டவுன் போன்ற சிலவற்றுக்கு மட்டும் மொழியறிந்து மடிக்கும் வசதி கூடவே வருகிறது.

இந்த எளிமை பெரும்பாலும் போதும். எங்கள் ஃபைலில் போதவில்லை. காரணம் எஸ்கியூஎல், அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கிற மொழி. பழைய பிஎச்பியில் பல வரி நீளமான எஸ்கியூஎல்லை ஹியர்டாக் என்ற முறையில் எழுதுவோம். அதை முடிக்கிற சொல் வரியின் முதல் எழுத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். ஒரு இடைவெளி விட்டாலும் பிழை. 2018 கடைசியில் வந்த 7.3 பதிப்புதான் அந்தக் கட்டாயத்தை எடுத்தது. எங்கள் கோட் அதற்கு முந்தையது. வருகைப் பதிவேட்டைத் திரட்டுகிற ஃபங்ஷன் 180 வரி. அதன் 60ஆவது வரியில் அந்த முடிவுச் சொல், இடது சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மடித்தால் என்ன ஆகும்? அங்கே கிளாஸே முடிந்துவிட்டதாக எடிட்டர் நினைத்துக்கொள்ளும். முதல் 59 வரி மட்டும் மடியும். மீதி 120 வரி அம்போவென்று நடுத்தெருவில் கிடக்கும். அதற்குக் கீழே மட்டக் கணக்கும் மாறிவிடும்.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஃபைல் உடைஞ்சு போச்சுங்க போல" என்று ஓடி வந்தான். உடையவில்லை கண்ணு, எடிட்டருக்குக் கண் அவ்வளவுதான் என்று சொன்னேன். பிஎச்பிக்கான எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டதும் சரியானது. ஹியர்டாக்குகளை உள்ளே தள்ளி எழுதும் வேலையையும் அவனுக்கே கொடுத்தேன். 43 இருந்தன.

நான் வந்த வழியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏன் இந்தச் சின்ன விஷயத்துக்கு இத்தனை பேச்சு என்று தோன்றும். 2006இல் சென்னையில் முதல் வேலை, மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கணினி, கோபால் (COBOL) என்ற மொழி. 24 வரி, 80 எழுத்து, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதில் இருந்த ஐஎஸ்பிஎஃப் என்ற எடிட்டரில் மறைக்க வேண்டிய பகுதியின் முதல் வரி எண் மேல் இரண்டு எக்ஸ், கடைசி வரி எண் மேல் இரண்டு எக்ஸ் போட்டு என்டர் தட்டினால் அந்த இடம் காணாமல் போய், இத்தனை வரி காட்டப்படவில்லை என்று ஒரு கோடிட்ட வரி மட்டும் நிற்கும். 'எக்ஸ் ஆல்' என்று கட்டளை கொடுத்தால் ஃபைல் முழுவதும் மறைந்துவிடும். அதன் பிறகு ஒரு பெயரை 'எஃப் ஆல்' என்று தேடினால், அந்தப் பெயர் வருகிற வரிகள் மட்டும் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். ஒரு மாறி (வேரியபிள்) எங்கெல்லாம் தொடப்படுகிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற வசதியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. விஎஸ் கோடில் தேடினால் கிடைத்த வரிகள் வேறு பலகையில் வரும். மடிப்புக்குள் இருந்தால் அங்கே போகும்போது மடிப்பு தானாகத் திறக்கும். நல்லதுதான். ஆனால் 'இவற்றைத் தவிர மற்றதை மறை' என்று நாங்கள் அன்று பச்சைத் திரையில் செய்தது போல ஒரே அடியில் வருவதில்லை.

அப்புறம் விம் என்ற எடிட்டர். கோவைக்கு வந்த பிறகு சர்வரில் நேரடியாக வேலை. விம்மில் மடிப்பு 2001இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. மடிப்புக் கட்டளைகள் எல்லாம் இசட் எழுத்தில்தான் ஆரம்பிக்கும். ஏன் இசட்? பக்கவாட்டில் பார்த்தால் அந்த எழுத்து மடித்த காகிதம் போல இருக்கிறதாம். அதன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மடிக்க மட்டும் ஆறு முறை. அதில் ஒரு ஆபத்தும் உண்டு: மூடிய மடிப்பின் மேல் நின்று டி எழுத்தை இரண்டு முறை தட்டினால், ஒரு வரி இல்லை, மடிப்பு முழுவதும் போய்விடும். கமென்ட் (விளக்கக் குறிப்பு) வரி என்று நினைத்துத் தட்டி, போனஸ் கணக்கு முழுவதையும் அழித்திருக்கிறேன். 'அன்டூ' கண்டுபிடித்தவர் நீடூழி வாழட்டும். தப்பு என்னுடையதுதான், விம் இதைத் தெளிவாகச் சொல்லித்தான் வைத்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

மடிப்பு என்பதே புதிதல்ல. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் கணினி ஆராய்ச்சியாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் தன் கணினியை மேடையில் காட்டியபோது, கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலை வகை வகையாகப் பிரித்து மடித்துக் காட்டினார். மளிகைச் சீட்டில் ஆரம்பித்தது, எங்கள் சம்பளச் சீட்டு வரை வந்திருக்கிறது.

இனி வருவது கொஞ்சம் கசப்பான பகுதி. கோடுக்குள்ளேயே 'ரீஜன்' என்று ஒரு கமென்ட் எழுதி, கீழே 'எண்ட்ரீஜன்' என்று முடித்தால், நடுவில் இருப்பதை ஒரே பொட்டலமாக மடிக்கலாம். சி ஷார்ப்பில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. விஎஸ் கோடில் பிஎச்பி உட்படப் பல மொழிகளுக்கும் இருக்கிறது. கன்ட்ரோல்-கே, கன்ட்ரோல்-8 அழுத்தினால் எல்லா ரீஜனும் மூடும். 9 அழுத்தினால் திறக்கும். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும். 2014இல் எங்கள் ஃபைலில் ஒரு ரீஜன் போட்டேன். வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கணக்கு முடிக்கிற பகுதி, 300 வரி. தலைப்பு: 'இறுதிக் கணக்கு – தொடாதே.'

யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை. 2018இல் இந்த எடிட்டருக்கு மாறியதும் காலையில் ஃபைலைத் திறப்பது, ரீஜன்களை மூடுவது, வேலை பார்ப்பது என்று கை பழகிவிட்டது. அதற்கு முன்பு விம்மிலும் அதை மடித்தே வைத்திருந்தேன். ஐந்து வருடம் அந்த 300 வரியை நான் ஒரே வரியாகத்தான் பார்த்தேன்.

2019 ஜூலையில் இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆகக் குறைந்தது. முதலாளி பங்கு 4.75இலிருந்து 3.25. நல்ல செய்தி. 1.75 என்று தேடினேன், மூன்று இடம் கிடைத்தது, மாற்றினேன். பிறகு வழக்கம் போல எல்லாவற்றையும் மடித்துவிட்டு, தலைப்புகளை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை கண்ணால் ஓட்டினேன். வேறு எங்கும் இ.எஸ்.ஐ. இல்லை என்று முடிவு கட்டினேன். அந்த ரீஜனுக்குள் சதவீதமாக எழுதவில்லை, 0.0175 என்று எழுதியிருந்தேன். தேடலில் சிக்கவில்லை. கண்ணிலும் சிக்கவில்லை, ஏனென்றால் அதை மூடி வைத்திருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு மில்லில் வேலையை விட்ட ஒருவர் தன் கணக்குச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளரிடம் போய் நின்றிருக்கிறார். மாதச் சம்பளம் 14,000. பிடிக்க வேண்டியது 105 ரூபாய். பிடித்திருந்தது 245. 140 ரூபாய் குறைகிறது என்று பென்சிலில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தச் சீட்டின் போட்டோ எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அவர் போட்ட பெருக்கல் கோணல்மாணலாக இருந்தது, விடை சரியாக இருந்தது.

எங்கள் வீட்டில் அம்மா ஆறு மாதத்துக்கு ஒருமுறை பீரோவைத் திறந்து பட்டுப்புடவைகளை எடுத்து, நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வைப்பார். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்தால் ஜரிகை அந்த வரியிலேயே விட்டுப்போகும். புடவை பார்க்கப் புதிதாக இருக்கும். விரித்தால் மடிப்போடு கிழியும். 140 ரூபாய் விஷயத்துக்குப் பிறகு எனக்கு அந்த பீரோதான் ஞாபகம் வந்தது. எடிட்டர் போடும் மடிப்பு என் கணினியோடு இருப்பது. ஃபைலில் எதையும் எழுதுவதில்லை. நான் மடித்து வைத்தது பக்கத்து மேஜைத் தம்பிக்கு விரிந்துதான் தெரியும்; அவன் தன் வசதிக்கு மடித்துக்கொள்வான். ரீஜன் அப்படியல்ல. எழுதியவள் போட்ட மடிப்பைப் படிக்கிற எல்லோர் தலையிலும் கட்டுவது அது. 'இங்கே மடி, இங்கே பார்க்காதே' என்று நிரந்தரமாகச் சொல்லிவிடுவது. இப்போது எங்கள் ஃபைலில் ஒரு ரீஜனும் இல்லை. கையால் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து மடிக்க வேண்டுமென்றால், கன்ட்ரோல்-கே அழுத்திவிட்டு கன்ட்ரோலும் காற்புள்ளியும் அழுத்தினால் போதும். ஃபைலில் ஒரு எழுத்துகூட மாறாது.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கமென்ட்களை மட்டும் மொத்தமாக மடிக்கிற ஷார்ட்கட் (கே-க்குப் பின் /) பழைய கோட் படிக்கும்போது மிக நல்லது. எங்கள் ஃபைலில் ஃபங்ஷனைவிட அதற்கு மேல் எழுதிய வரலாறு நீளம். ஃபைலின் மேலே வேறு ஃபைல்களை இழுத்துச் சேர்க்கிற இம்போர்ட் வரிகளைத் தானாக மடித்து வைக்கவும் ஒரு செட்டிங் உண்டு, போட்டுவிட்டு மறந்துவிடலாம். மடிக்கக்கூடிய இடங்களுக்கு 5,000 என்று ஒரு உச்சவரம்பு இருக்கிறது. கையால் எழுதிய கோடில் அதைத் தொடவே மாட்டீர்கள், ஏற்றுமதி செய்த ஜேசான் ஃபைலைத் திறந்தால் தொடுவீர்கள். செட்டிங்கில் கூட்டிக்கொள்ளலாம், கூட்டினால் எடிட்டர் மெதுவாகும்.

குறை என்று பெரிதாகச் சொல்வதானால் ஷார்ட்கட்களைத்தான் சொல்வேன். கே-க்குப் பின் 0 எல்லாவற்றையும் மடிக்கும். அப்படியானால் எல்லாவற்றையும் திறக்க? 9 என்று நினைப்பீர்கள். அது ரீஜன்களை மட்டும் திறக்கும். எல்லாவற்றையும் திறப்பது ஜே. ஏன் ஜே? விம்மின் இசட்டுக்காவது ஒரு காகிதக் கதை இருந்தது. நான் மானிட்டரின் ஓரத்தில் சின்னச் சீட்டில் 'ஜே = திற' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நாலு வருடமாக அந்தச் சீட்டு அங்கேயே இருக்கிறது.

உண்மையில், அவுட்லைன் பலகையையும் ஸ்டிக்கி ஸ்க்ரோலையும் பழகிய பிறகு மடிப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. இடது பக்கம் 130 ஃபங்ஷன் பெயரும் வரிசையாக இருக்கும். தொட்டால் அங்கே போகும். நீண்ட ஃபங்ஷனுக்குள் கீழே இறங்கும்போது எந்த ஃபங்ஷன், எந்த இஃப்-க்குள் நிற்கிறோம் என்பது திரையின் உச்சியில் ஒட்டிக்கொண்டே வரும். மடிப்பு மறைத்துக் காட்டுகிற வேலையை இவை மறைக்காமல் செய்கின்றன. 43 ஹியர்டாக்கைத் திருத்திய தம்பி மடிப்பதே இல்லை. இது தலைமுறை வித்தியாசம். அவன் 24 வரித் திரையைப் பார்த்ததில்லை.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஐந்துக்கு நான்கு. இரண்டாம் மட்ட மடிப்புக்காகவே மூன்றரை, இலவசம் என்பதற்காக அரை. } வரிசைக்கும் ஜே-க்கும் சேர்த்து ஒன்று பிடித்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு மானிட்டரை நிமிர்த்தி, செங்குத்தாக வைத்துப் பார்த்தேன். ஒரே நேரத்தில் 80 வரி தெரிகிறது. மூன்று நாள் எதையும் மடிக்கவில்லை. அந்த மானிட்டர் மேல் இப்போது தம்பிக்கும் ஒரு கண்.